மரம் அளந்து கார்பன் கணக்கு போட்டுத் தரும் சேவை: எங்கள் விளையில் எடுத்துப் பார்த்ததில்

முதலிலேயே மார்க்கைச் சொல்லிவிடுகிறேன், நேரமில்லாதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். அளவெடுப்புக்கும் அறிக்கைக்கும் ஐந்துக்கு நான்கு. அதோடு சேர்த்து நீட்டுகிற கார்பன் கிரெடிட் ஒப்பந்தத்துக்கு, அதாவது மரம் பிடித்து வைக்கும் கார்பனை டன் கணக்கில் விற்றுக் காசாக்கும் ஒப்பந்தத்துக்கு, ஐந்துக்கு ஒன்றரை, அதுவும் நம்ம குமரி மாவட்டத்து விளைகளுக்கு (வீட்டை ஒட்டிய மரத் தோட்டங்களுக்கு) போடுகிற மார்க்கு. தரிசாகக் கிடக்கும் நிலத்தில் புதிதாக மரம் வைக்கப் போகிறவர் என்றால் கதை வேறு, அதைக் கீழே சொல்கிறேன்.

கம்பெனி பெயரைப் போடவில்லை. இந்தத் தொழிலில் இப்போது பல பேர் இருக்கிறார்கள். உறவுக்காரர் ஒருவருக்கு இன்னொரு கம்பெனி கொடுத்த ஒப்பந்தத்தையும் வாங்கிப் பார்த்தேன், ஏறக்குறைய அதே அச்சு. அதனால் பெயரை விட, வருகிறவர்களிடம் என்ன கேட்க வேண்டும் என்பதுதான் உபயோகப்படும்.

நிலம் திருவட்டாறுக்கும் குலசேகரத்துக்கும் நடுவில், சரிவான இடம். வீட்டைச் சுற்றி ஒரு ஏக்கர் விளை: தென்னை, பலா, அயனி (பலா இனத்தைச் சேர்ந்த ஒரு மரம்), மா, புளி, இரண்டு வரிசை கிராம்பு, மரத்துக்கு மரம் நல்லமிளகுக் கொடி, கீழே வாழையும் மரச்சீனியும் (மரவள்ளி). அதை ஒட்டி மேட்டில் ஒரு ஏக்கர் ரப்பர், ஆர்.ஆர்.ஐ.ஐ. 105 ரகம், இருபது வயது தாண்டியவை, பால் குறைந்துகொண்டு வருகிறது. மேற்கே மார்த்தாண்டம் வரைக்கும் பெரும்பாலான வீடுகளில் இதே கூட்டுதான் இருக்கும், அதனால் என் கணக்கு உங்களுக்கும் ஓரளவு பொருந்தும்.

சேவை என்னவென்றால், ஆள் வந்து மரங்களை அளந்து, மண் எடுத்து, உங்கள் நிலத்தில் எத்தனை டன் கார்பன் நிற்கிறது என்று அறிக்கை தருவார்கள். அறிக்கை மட்டும் வேண்டுமென்றால் ஏக்கருக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் அது இலவசம். நான் காசு கொடுத்து அறிக்கையை மட்டும் வாங்கினேன்.

அளவெடுக்க வந்த இரண்டு பையன்களும் வேலை தெரிந்தவர்கள், இதைச் சொல்லியே ஆக வேண்டும். மரத்தின் சுற்றளவைத் தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் எடுக்க வேண்டும் என்பது இந்தியாவில் வனத்துறை முதல் எல்லோரும் பின்பற்றும் கணக்கு. சரிவில் நிற்கும் மரத்துக்கு அந்த உயரத்தை மேட்டுப் பக்கத்திலிருந்துதான் பிடிக்க வேண்டும், பள்ளப் பக்கம் நின்று பிடித்தால் டேப் கீழே இறங்கிவிடும், அளவு கூடிவிடும். நான் சொல்வதற்கு முன்பே அவர்கள் மேட்டுப் பக்கம் போய் நின்றார்கள். நல்லமிளகுக் கொடி ஏறிய மரங்களில் கொடியோடு சேர்த்துச் சுற்றாமல், கொடியை மெல்ல விலக்கி உள்ளே டேப்பைச் செருகி எடுத்தார்கள். ஒரு வேர்க்கால் கூடப் பிய்ந்துபோகவில்லை. ரப்பரில் பால் வெட்டுகிற பட்டை புடைத்துக் கிடக்கும் இடத்தில் அளந்தால் தப்பான அளவு வரும் என்று மேலே தள்ளி எடுத்து, எந்த உயரத்தில் எடுத்தோம் என்பதையும் குறித்துக்கொண்டார்கள். எங்கள் ரப்பர் வெட்டுகிற அண்ணாச்சியே, "பரவால்லியே, மரத்தைப் பார்த்து அளக்கத் தெரிஞ்ச பயலுவதான்" என்றார். அவர் வாயில் அப்படி ஒரு வார்த்தை வருவது லேசில்லை.

இனி கணக்கு. சுற்றளவிலிருந்து விட்டம், கூடவே உயரம், அந்த மர வகையின் அடர்த்தி, மூன்றையும் ஒரு சூத்திரத்தில் போட்டால் மரத்தின் உலர்ந்த எடை கிடைக்கும். உலர்ந்த எடையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு, 0.47 பங்கு, கார்பன் என்று எடுத்துக்கொள்கிறார்கள். எங்கள் ரப்பரில் ஒரு மரம் 80 சென்டிமீட்டர் சுற்றளவு, 18 மீட்டர் உயரம். வெப்பமண்டல மரங்களுக்கு உலகம் முழுக்கப் பயன்படுத்தும் 2014ஆம் ஆண்டுச் சூத்திரத்தில் போட்டால் தரைக்கு மேலே சுமார் 340 கிலோ உலர்ந்த எடை, அதில் கார்பன் 160 கிலோ. வீட்டுக்குப் பின்னால் நிற்கும் பலா 160 சென்டிமீட்டர், உயரம் 15 மீட்டர்தான். மர அடர்த்தி இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்று என்று வைத்தாலும் பலாவின் எடை ஒரு டன்னைத் தாண்டுகிறது. சுற்றளவு இரண்டு மடங்கு, உயரம் குறைவு, எடையோ மூன்று மடங்குக்கு மேல். விட்டம் கணக்கில் வர்க்கமாகப் போவதால் வரும் வித்தியாசம் இது. ஒரு தடித்த பலாவையோ அயனியையோ வெட்டிவிட்டு அந்த இடத்தில் மூன்று கன்று நட்டால் சரியாகிவிடும் என்று பேசுகிறவர்களுக்கு இந்த ஒரு கணக்கைக் காட்டினால் போதும்.

ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். அறிக்கையில் பெரிதாகக் கொட்டை எழுத்தில் போடுவது கார்பன் இல்லை, கார்பன் டை ஆக்சைடு. ஒரு டன் கார்பன் என்பது 3.67 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம், அதனால் எண் பெரிதாகத் தெரியும். எங்கள் ஒரு ஏக்கர் விளைக்கு 40 டன் என்று போட்டிருந்தார்கள். 3.67 ஆல் வகுத்தால் 11 டன் கார்பன், எக்டேர் கணக்கில் 27 டன். இது சரியான எண்தானா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. மத்திய கேரளத்து வீட்டுத் தோட்டங்களை ஆராய்ந்து பி. மோகன் குமார் 2011இல் வெளியிட்ட கட்டுரையில், தரைக்கு மேலே நிற்கும் கார்பன் எக்டேருக்குச் சராசரியாக 16 முதல் 36 டன் வரை என்று வருகிறது. நம்ம மழை, நம்ம மரம், நம்ம மாதிரியே துண்டு நிலம். எங்கள் எண் நடுவில் விழுகிறது, ஆகவே அளந்தவர்கள் ஊதவில்லை. அந்த ஆய்வில் எனக்குப் பிடித்தது, பெரிய தோட்டங்களை விடச் சின்னத் தோட்டங்களில்தான் ஒரு எக்டேருக்கு அதிகக் கார்பன் இருந்திருக்கிறது. முப்பது சென்ட்டில் வீடு கட்டி மிச்சத்தில் இண்டு இடுக்கு விடாமல் மரம் வைத்திருக்கும் நம்ம ஆட்கள் தாராளமாகக் காலரைத் தூக்கி விட்டுக்கொள்ளலாம்.

ரப்பர் ஏக்கரின் எண் இதை விடப் பெரியது, இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் அந்தக் கார்பன் இன்னும் சில வருஷத்தில் கடும்வெட்டு (மரத்தைச் சாய்க்கும் முன் மிச்சப் பாலை எடுக்கும் கடைசி வெட்டு) வெட்டி, மரக்கடைக்குப் போய், பாதி விறகாகவும் பெட்டிப் பலகையாகவும் போகப் போகிறது. மேசை நாற்காலியாக மாறுவது மட்டும்தான் இன்னும் கொஞ்ச காலம் கார்பனைப் பிடித்து வைத்திருக்கும், எரிந்தது எல்லாம் திரும்பக் காற்றுக்கு. அறிக்கையில் இதைத் தனி வரியாகப் பிரித்துக் காட்டியிருந்தார்கள், நேர்மையான வேலை.

குறை என்றால் இரண்டு. முதலில் தென்னை. தென்னை மற்ற மரங்களைப் போல வருஷா வருஷம் பருப்பது இல்லை, தண்டு ஒரு பருமனுக்கு வந்தபின் உயரம்தான் கூடும். அதனால் பலாவுக்குப் போடும் சூத்திரத்தைத் தென்னைக்குப் போடக் கூடாது, உயரத்தை வைத்துத் தனிக் கணக்கு இருக்கிறது. முதலில் வந்த வரைவு அறிக்கையில் எல்லாவற்றையும் ஒரே சூத்திரத்தில் தள்ளியிருந்தார்கள். கேட்டதும் மறுக்காமல் திருத்தி அனுப்பினார்கள், எண் குறைந்தது. நான் மேலே சொன்ன 40 டன் திருத்திய பிறகு வந்ததுதான்.

இரண்டாவது மண், இதில்தான் ஒரு மார்க்கைக் கழித்தேன். மண்ணில் இருக்கும் கார்பனுக்கு, கார்பன் சதவீதத்தையும் மண்ணின் பருமன் அடர்த்தியையும் (ஒரு கன அளவு மண்ணின் உலர்ந்த எடை) ஆழத்தையும் பெருக்க வேண்டும். சதவீதம் 1.5, அடர்த்தி 1.2, ஆழம் 30 சென்டிமீட்டர் என்றால் எக்டேருக்கு 54 டன். பார்க்க அருமையாக இருக்கும், மரத்தில் இருப்பதை விட அதிகம். ஆனால் எங்கள் மண் செம்மண் சரள். சலித்தால் கால் பங்கு கல் நிற்கும், அந்தக் கல்லில் கார்பன் இல்லை. சோதனைச் சாலையில் 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்த மண்ணைத்தான் பரிசோதிப்பார்கள், அந்தச் சதவீதத்தை எடுத்துக் கல்லோடு சேர்ந்த முழு நிலத்துக்கும் பெருக்கினால் எண் தானாக ஊதும். கல் பங்கைக் கழித்தீர்களா என்று கேட்டதற்கு, "எங்க ஃபார்முலால அந்தக் கட்டம் இல்ல சார்" என்று பதில் வந்தது. தேங்காப்பட்டணம் பக்கத்து மணல் நிலத்துக்கும் பேச்சிப்பாறைக் காட்டோரத்துச் சரளுக்கும் ஒரே கட்டமா? இதை இன்று வரை திருத்தவில்லை. உங்களிடம் மண் வள அட்டை இருந்தால் அதில் அங்ககக் கரிமம் என்று ஒரு வரி இருக்கும், அதை வைத்து நீங்களே கல்லைக் கழித்து உத்தேசமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம் ஆழம். 30 சென்டிமீட்டரோடு நிறுத்திக்கொள்வது உலக வழக்கம்தான், குற்றம் சொல்ல முடியாது. ஆனால் மரம் இருக்கும் நிலத்தின் சிறப்பே அதற்குக் கீழேதான் இருக்கிறது. திருச்சூர்ப் பக்கம் ஒரு மீட்டர் ஆழம் வரை மண் எடுத்துப் பார்த்த ஆய்வில் காட்டு மண்ணில் கார்பன் அதிகம், நெல்வயலில் குறைவு, வீட்டுத் தோட்டமும் ரப்பரும் தென்னையும் இடையில், அதிலும் சின்ன வீட்டுத் தோட்டங்கள் காட்டுக்கு அடுத்தபடி. வேர் ஆழத்தில் செத்து மக்குவது, மேலே உழாமல் விடுவது, சருகு விழுந்து கிடப்பது எல்லாம் சேர்ந்து செய்கிற வேலை. ரப்பர் சிறு மரமாக இருக்கும்போது இடையில் மண்ணை மூடிப் படரும் பியூரேரியா கொடி விட்டவர்கள் அந்த மண்ணைத் தோண்டிப் பாருங்கள், விடாதவர் மண்ணுக்கும் அதற்கும் கண்ணிலேயே வித்தியாசம் தெரியும்.

சரி, ஒப்பந்தத்துக்கு வருவோம்.

எங்கள் சித்தப்பா விஷயத்தைக் கேட்டதும் முதலில் சொன்னது, "மரத்த வெட்டாம வச்சிருக்கதுக்கு ஒருத்தன் ரூவா தருவானாடே?" என்பதுதான். தரமாட்டான், சித்தப்பா சரியாகத்தான் சந்தேகப்பட்டார். ஏற்கெனவே நிற்கும் மரத்துக்குக் காசு கிடையாது. வெர்ரா மாதிரி சான்று தரும் அமைப்புகளின் விதியே, இந்தத் திட்டம் இல்லாவிட்டால் நடந்திருக்காத கூடுதல் கார்பனுக்கு மட்டும்தான் கிரெடிட். தாத்தா வைத்த அயனி திட்டம் வந்தாலும் வராவிட்டாலும் நின்றிருக்கும், ஆகவே பூஜ்யம். யோசித்துப் பார்த்தால் விதியில் நியாயம் இருக்கிறது. யாரோ ஒரு ஃபேக்டரிக்காரன் தன் புகைக்கு ஈடாக இதை வாங்குகிறான், பழைய மரத்துக்குக் காசு கொடுத்தால் காற்றில் ஒரு கிலோ கூடக் குறையாது. ஆனால் முப்பது நாற்பது வருஷமாக மரம் வளர்த்தவனுக்கு ஒன்றும் இல்லை, இத்தனை நாள் வெறும் நிலமாகப் போட்டு வைத்தவனுக்குக் காசு என்று வரும்போது வயிறு எரியத்தான் செய்யும். நெருக்கமாக மரம் நிற்கும் எங்கள் விளையில் புதிதாக எங்கே நட? ஓரத்தில் பத்துப் பன்னிரண்டு கன்று வைக்கலாம், அவ்வளவுதான். இந்த விஷயத்தை முதல் சந்திப்பில் வாயைத் திறந்து சொல்லவில்லை, "உங்க மரத்துக்குப் பணம்" என்றுதான் நோட்டீஸிலேயே அச்சடித்திருந்தார்கள். ஒன்றரை மார்க்குக்கு முதல் காரணம் இந்த நோட்டீஸ்.

பழைய ரப்பரை வெட்டிவிட்டு மறுபடி ரப்பர் வைத்தால் கிரெடிட் உண்டா என்று கேட்டேன். மென்று விழுங்கினார்கள். ஏற்கெனவே நின்றதையே திரும்ப வைப்பதில் கூடுதல் என்று காட்டுவது கஷ்டம். அதோடு, வெட்டி வெட்டி நடும் மரத்துக்கு உச்சத்தில் இருக்கும் கார்பனைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள், நட்டது முதல் வெட்டுவது வரைக்குமான நீண்ட காலச் சராசரி வரைதான். காட்டை அழித்துவிட்டு அங்கே மரம் நட்டுக் காசு பார்க்கலாம் என்று யாராவது கணக்குப் போட்டால் அதுவும் நடக்காது, கடைசிப் பத்து வருஷத்துக்குள் இயற்கைக் காடாக இருந்து அழிக்கப்பட்ட நிலத்தைச் சேர்க்க மாட்டார்கள். இது நல்ல விதி.

இனி பணம். கம்பெனி எனக்குத் தந்த எண்களைப் போடவில்லை, உருட்டான எண்களை வைத்துப் பார்ப்போம். வெறும் நிலத்தில் மரம் வைத்து எக்டேருக்கு ஆண்டுக்கு 8 டன் கார்பன் டை ஆக்சைடு சேர்கிறது என்று வையுங்கள், ஏக்கருக்கு 3.2 டன். மரம் விழுந்தாலோ எரிந்தாலோ ஈடுகட்ட என்று ஒரு பங்கை, நம்ம ஊர்ச் சீட்டில் கழிவு பிடிப்பது போல, முதலிலேயே எடுத்து வைத்துவிடுவார்கள். அது 20 சதவீதம் என்றால் மிச்சம் 2.56 டன். டன் 800 ரூபாய்க்குப் போனால் 2,048 ரூபாய். அதில் விவசாயிக்கு 60 சதவீதம் என்றால் ஏக்கருக்கு வருஷம் சுமார் 1,230 ரூபாய். ரப்பர் ஷீட் கிலோ 200 ரூபாய்க்கு ஓடும்போது இது ஆறு கிலோ ஷீட்டின் விலை. ஒரு ஏக்கர் நல்ல ரப்பர் வருஷத்துக்கு அறுநூறு கிலோ தரும். அதுவும் இந்தப் பணம் நட்ட மறுநாளே வராது, மரம் வளர்ந்து, அளந்து, வெளியாள் வந்து சரிபார்த்து, விற்ற பிறகுதான், அதற்குச் சில வருஷம் ஆகும். கார்பன் காசை நம்பி யாரும் மரம் வைக்காதீர்கள். பலாவை சக்கைப் பழத்துக்காகவும் அயனியைத் தடிக்காகவும் (மரவேலைக்கான மரம்) நல்லமிளகைச் சந்தைக்காகவும் வையுங்கள், கார்பன் காசு வந்தால் உரச் செலவுக்கு ஆகும்.

இந்த ஆயிரத்துச் சொச்சத்துக்கு என்ன கட்டுப்பாடு என்று பார்த்தால்தான் எனக்கு மூக்கில் வியர்த்தது. முப்பது வருஷத்துக்கும் மேல் ஒப்பந்தம். இடையில் நிலத்தை விற்றால் வாங்குகிறவரும் ஒப்பந்தத்தை ஏற்க வேண்டும், நம்ம ஊரில் சென்ட் கணக்கில் மனை விலை ஏறுகிற வேகத்துக்கு எவன் ஏற்பான்? மகளுக்குக் கல்யாணம் வைத்தால் ஒரு தேக்கையோ அயனியையோ தடிக்கு விற்பது இங்கே காலம் காலமாக நடப்பது, அதற்கும் எழுத்தில் அனுமதி கேட்க வேண்டும். பட்டாவில் பெயர் உள்ள எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். கூட்டுப் பட்டாவில் அண்ணன் குவைத்தில், தம்பி மஸ்கட்டில், அத்தை மகன் எங்கே என்றே தெரியாது என்று இருக்கும் குடும்பங்களுக்கு இது முதல் படியிலேயே நின்றுவிடும்.

புயல் பற்றிய பிரிவைத்தான் திரும்பத் திரும்ப வாசித்தேன். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி அடித்தபோது இந்த மாவட்டத்தில் ரப்பரும் தென்னையும் வாழையும் விழுந்து கிடந்ததைப் பார்த்த யாரும் அந்தப் பிரிவைத் தாண்டிப் போக முடியாது. அப்படி ஒன்று மறுபடி வந்தால் ஏற்கெனவே வாங்கிய பணத்தைத் திருப்பித் தர வேண்டுமா? "இல்ல சார், அதுக்குத்தான் ரிசர்வ் பிடிக்கிறோம்" என்று வாயால் சொன்னார்கள். ஒப்பந்தத்தில் அந்த வரி இல்லை. அதற்குப் பதிலாக, விவசாயியின் கவனக்குறைவால் ஏற்படும் இழப்பு என்று ஒரு வரி இருக்கிறது, எது கவனக்குறைவு என்று யார் முடிவு செய்வார்கள் என்பது இல்லை. ஒப்பந்தம் முழுக்க ஆங்கிலம், தமிழில் ஒரு சுருக்கம் மட்டும் தருகிறார்கள், இந்த வரி சுருக்கத்தில் காணவே காணோம். தமிழில் முழு ஒப்பந்தம் கேட்டேன், "தயாராகிக்கொண்டிருக்கிறது" என்ற பதிலோடு நிற்கிறது.

நடத்தை விஷயத்தில் குறையில்லை. போன் எடுக்கிறார்கள், தமிழில் பேசுகிறார்கள், கையெழுத்துக்கு நச்சரிக்கவில்லை. அறிக்கை சொன்ன தேதியை விடத் தாமதம்தான், ஆனால் ஒவ்வொரு மரத்தின் அளவும் எக்செல் கோப்பாகக் கையில் வந்தது. அந்தக் கோப்புக்கே கொடுத்த காசு சரி. எந்தப் புளி எவ்வளவு பருத்தது என்று இரண்டு வருஷம் கழித்து நானே டேப் பிடித்துப் பார்த்துக்கொள்வேன். பழைய மரத்தை வியாபாரியிடம் தடிக்குப் பேசும்போதும் சுற்றளவும் உயரமும் கையில் இருப்பது நல்லது, கண் பார்வைக்கு விலை சொல்கிறவரிடம் எண்ணைக் காட்டலாம்.

யாருக்கு ஒப்பந்தம் சரிப்படும் என்றால், தோவாளை, அகஸ்தீசுவரம் பக்கம் மழை குறைந்த இடத்தில் பல வருஷமாகத் தரிசு போட்டிருப்பவர், தனிப் பட்டா வைத்திருப்பவர், விற்கும் எண்ணம் இல்லாதவர். அவர்களும் கன்றுக்கு இந்தக் கம்பெனியை நம்ப வேண்டாம், வேளாண்மைத் துறையின் நீடித்த பசுமைப் போர்வை இயக்கத்தில் கன்று இலவசமாகக் கொடுத்தார்கள், எங்கள் பக்கத்து விளைக்காரர் மகாகனி அப்படித்தான் வாங்கினார், இப்போதும் உண்டா என்று கேட்டுப் பாருங்கள். ஆனால் கம்பெனியில் சேரும் எண்ணம் இருந்தால் நடுவதற்கு முன்பே பேசிவிடுங்கள். நட்ட பிறகு போனால் இது முன்பே இருந்த மரம் என்று தள்ளிவிட வாய்ப்பிருக்கிறது. குளத்தையும் வயலையும் அடைத்து மரம் வைக்கச் சொன்னால் மட்டும் கேட்காதீர்கள், எந்தக் கார்பனுக்காகவும் அது வேண்டாம்.

மற்றவர்கள் அறிக்கை மட்டும் போதும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். முன்பணமாகப் பாதிக்கு மேல் கொடுக்க வேண்டாம், மீதியை மரவாரியான கோப்பு கைக்கு வந்த பிறகு கொடுங்கள். சரள் நிலம் என்றால் மண் எடுக்கும்போதே கல்லைத் தனியாக எடை போட்டு எழுதச் சொல்லுங்கள், பிறகு கேட்டால் நடக்காது.